பயிற்சிக்கும் ஒரு மருந்துச் சீட்டு வேண்டும்

மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மருந்தின் பெயர், அதன் அளவு, காலையிலா இரவிலா, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று ஒவ்வொன்றும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். முதுகுவலிக்காக வந்தவரின் சீட்டில் இவற்றுக்குக் கீழே இன்னொரு வரியும் இருப்பதுண்டு: ‘உடற்பயிற்சி செய்யவும்.’ எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்பவை அந்த வரியில் இரா. ‘மாத்திரை’ என்று மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிட்ட சீட்டை எந்த மருந்துக் கடையும் ஏற்காது. பயிற்சி என்று வரும்போது மட்டும் அதே குறையை மருத்துவமனையும் பொறுத்துக்கொள்கிறது, நோயாளியும் பொறுத்துக்கொள்கிறார்.

விடப்பட்ட இடத்தை வீட்டுக்குச் சென்றதும் நோயாளியே நிரப்பிக்கொள்கிறார். கைப்பேசியில் வந்த ஒரு காணொளி, உடற்பயிற்சிக்கூடம் செல்லும் மைத்துனரின் அறிவுரை, பள்ளிக்கூட மைதானத்தில் செய்த பயிற்சியின் நினைவு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று கைகொடுக்கிறது. ‘வயிற்றுத் தசை உறுதியானால் முதுகுவலி போய்விடும்’ என்று யாரோ சொல்ல, கட்டிலின் அடியில் பாதங்களைச் செருகிக்கொண்டு இருபது முறை படுத்து எழுகிறார். மறுநாள் வலி கூடுகிறது. ‘பயிற்சி என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார். ஒத்துக்கொள்ளாதது அந்த ஒரு பயிற்சியாக இருக்கலாம். பழியோ பயிற்சி முழுவதற்கும் சேர்ந்துவிடுகிறது.

உடற்பயிற்சியும் ஒரு மருந்தே. மருந்துக்குரிய நுணுக்கத்தோடு அது எழுதித் தரப்பட வேண்டும். அவ்வாறு கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான். உடலின் நடுப்பகுதியைக் காக்கும் மையத் தசைகளைப் போல் இதற்குத் தெளிவான சான்று வேறில்லை. ஏனெனில் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பயிற்சிகள் அந்தத் தசைகளை முற்றிலும் வெவ்வேறு வகையில் வேலை வாங்குகின்றன.

மையத் தசைகள் எவை?

உடற்பயிற்சிக்கூடங்களில் ‘கோர்’ என்று சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். வயிற்றின் முன்புறத்தில் கட்டுக்கட்டாகத் தெரியும் தசையையே பலரும் அதற்குப் பொருளாகக் கொள்கின்றனர். உண்மையில் அது ஒரு கூட்டுக் குடும்பம். முன்புறத்தில் விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரை செல்லும் நேர்வயிற்றுத் தசை. இரு பக்கங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வாக ஓடும் சாய்தசைகள். அவற்றுக்கும் உள்ளே அரைக்கச்சை போல் வயிற்றைச் சுற்றிவரும் குறுக்குவயிற்றுத் தசை. பின்புறத்தில் முதுகை நிமிர்த்தும் நீண்ட தசைகள். முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஓடும் ‘மல்டிஃபிடஸ்’ என்னும் சிறுதசை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள இடுப்புச் சதுரத்தசை. இந்தக் கூடத்துக்குக் கூரையாக உதரவிதானமும் தரையாக இடுப்புத்தளத் தசைகளும் அமைந்திருக்கின்றன. ஆகவே மூச்சு விடுவதும் சிறுநீரை அடக்குவதும்கூட இக்குடும்பத்தின் வேலைகளே.

இவற்றின் தலையாய கடமை என்ன? பந்தலுக்கு நடும் கம்பத்தை எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும் வரை அது காற்றைத் தாங்கும். ஒரு பக்கத்துக் கயிறு தளர்ந்தால் கம்பம் எவ்வளவு பருமனாயினும் சாயும். முதுகெலும்பின் நிலையும் அதுவே. தசைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எலும்பும் தசைநாரும் மட்டும் எஞ்சிய இடுப்பு முதுகெலும்பின் மேல் ஆய்வுக்கூடத்தில் சுமையேற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 90 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 9 கிலோ எடை ஏறியதும் அது வளைந்து சரிந்துவிட்டது. நம் இடுப்புக்கு மேலுள்ள உடலின் எடையே அதைப்போல் பன்மடங்கு. நாம் நிமிர்ந்து நிற்பது சுற்றியுள்ள தசைகள் ஓயாமல் காவல் காப்பதால்தான்.

இந்தக் காவலில் வியப்பான ஒரு முன்யோசனையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நலமுடன் இருப்பவர் கையை உயர்த்தத் தொடங்குமுன்பே குறுக்குவயிற்றுத் தசை இறுகிவிடுவதைக் கண்டனர். கை அசையப் போகிறது என்பதை அறிந்து, உடல் முதலில் தன் நடுவை நிலைப்படுத்திக்கொள்கிறது. முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த இறுக்கம் தாமதமாக வந்தது. கயிறு இருக்கிறது, இழுபட வேண்டிய நொடியில் இழுபடவில்லை.

அதே ஆண்டில் ஜூலி ஹைட்ஸும் அவருடைய குழுவினரும் மற்றோர் உண்மையைக் காட்டினர். முதன்முறையாக முதுகுவலி வந்தவர்களுக்கு வலி தானாகவே தணிந்த பின்னரும், சுருங்கிய மல்டிஃபிடஸ் தசை தானாகத் தேறவில்லை. அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களிடம் தேறியது. அந்த 39 பேரையும் பின்தொடர்ந்து 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டுக்குள் மீண்டும் வலி வந்தவர்கள் பயிற்சி பெற்றோரில் 30 விழுக்காடு. பெறாதோரில் 84 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆயினும் ‘வலி போய்விட்டது, இனிப் பயிற்சி எதற்கு?’ என்று கேட்பவர்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

எந்தப் பயிற்சி எதை வேலை வாங்குகிறது?

தசையின் மேல் மின்முனைகளை ஒட்டி, அது வேலை செய்யும்போது எழும் மின்னோட்டத்தை அளக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. அதன் துணையோடு, ஒவ்வொரு பயிற்சியும் எந்தத் தசையை எவ்வளவு எழுப்புகிறது, அதற்கு விலையாக முதுகெலும்பின் மேல் எவ்வளவு சுமையை ஏற்றுகிறது என்று கணிக்க முடிகிறது. இத்துறையில் பெரிதும் உழைத்தவர்களுள் ஒருவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில்.

மல்லாந்து படுத்து முழுவதுமாக எழுந்து உட்காரும் ‘சிட்-அப்’ பயிற்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். தோளைத் தரையிலிருந்து உயர்த்தும் முதற்பகுதியில்தான் வயிற்றுத் தசைகள் பெரும்பங்கு ஏற்கின்றன. அதற்கு மேல் உடலைத் தூக்கி நிறுத்துவதில், முதுகெலும்பிலிருந்து தொடை வரை செல்லும் இடுப்பு மடக்குத் தசைகள் புகுந்துகொள்கின்றன. அவை இழுக்கும்போது இடுப்பு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கப்படுகின்றன. இப்பயிற்சியில் ஒவ்வொரு முறை எழும்போதும் முதுகின் மேல் ஏறும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன் என்று மெக்கில் குழுவினர் 1997இல் கணித்தனர். ஏறத்தாழ 340 கிலோ எடைக்கு இது நிகர். பளு தூக்கும் தொழிலாளர்களுக்கென அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981இல் வகுத்த எச்சரிக்கை எல்லை 3,400 நியூட்டன். முழங்காலை மடக்கிக்கொண்டால் இந்தச் சுமை நீங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கும் அந்தக் கணிப்பில் ஆதரவு கிடைக்கவில்லை. நலமுள்ள இளைஞருக்கு இது தாங்கக்கூடியதே. வட்டு பிதுங்கியவருக்கு, நம் வழக்கில் ‘ஜவ்வு விலகியவருக்கு’, இதை முதற்பயிற்சியாகத் தருவது பொருந்தாது. அமெரிக்கக் கடற்படை 2021இலும், தரைப்படை 2022இலும் தத்தம் உடற்தகுதித் தேர்வுகளில் வயிற்றை மடக்கும் பயிற்சிக்குப் பதிலாகப் பலகை நிலையைக் கொண்டுவந்துவிட்டன. நம் பள்ளி மைதானங்களிலும் காணொளிகளிலும் பழையது இன்னும் கோலோச்சுகிறது.

தோளை மட்டும் சிறிது உயர்த்தும் பயிற்சி வேறு வகை. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கைகளையும் இடுப்பின் கீழுள்ள வளைவில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே எழுப்ப வேண்டும். முதுகு மடங்காது. நேர்வயிற்றுத் தசை நன்றாக வேலை செய்யும். இவ்வகையில் முதுகின் சுமை 2,000 நியூட்டன் அளவிலேயே நின்றுவிடுகிறது.

பக்கப் பாலம் என்பது ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்துவது. தொடக்கத்தில் முழங்காலை மடக்கி அதன்மேல் தாங்கிக்கொள்ளலாம். சாய்தசைகளும் இடுப்புச் சதுரத்தசையும் எழுந்து நிற்கும் பயிற்சி இது. முன்னும் பின்னும் வளைக்கும் பயிற்சிகளில் இந்தப் பக்கத்துக் கயிறுகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன.

குழந்தை தவழும் நிலையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் அதற்கு எதிர்ப்புறத்துக் காலையும் நீட்டுவது மற்றொன்று. முதுகை நிமிர்த்தும் தசைகளும் மல்டிஃபிடஸும் புட்டத் தசைகளும் இதில் இயங்குகின்றன. உடல் ஒரு பக்கம் திரும்பிவிடாமல் சாய்தசைகள் பிடித்துக்கொள்கின்றன. குப்புறப் படுத்து இரு கைகளையும் இரு கால்களையும் ஒருங்கே உயர்த்தும்போதும் முதுகுத் தசைகள் இயங்கத்தான் செய்கின்றன. ஆனால் அதில் முதுகு பின்னோக்கி மிகுதியாக வளைந்து, சுமையும் கணிசமாகக் கூடுகிறது. தவழும் நிலையில் காலை மட்டும் நீட்டித் தொடங்கினால் சுமை இன்னும் குறையும். தசை ஒன்றே, அதற்குக் கொடுக்கும் விலை வேறு.

பலகை நிலையில் முன்புறத் தசைகள் முழுவதும் ஒன்றாக இறுகுகின்றன. முதியவர் இதைச் சுவரில் கைகளை ஊன்றித் தொடங்கலாம், பிறகு மேசை விளிம்பு, தரை கடைசியில்தான். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தும் பாலப் பயிற்சி புட்டத்தையும் தொடையின் பின்புறத்தையும் எழுப்புகிறது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழ விரும்புகிறவருக்கு இது பெருந்துணை.

இந்த அறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கையில் தண்ணீர் வாளியைத் தூக்கி நடக்கும்போது, வாளிப் பக்கம் உடல் சாயாதிருக்க எதிர்ப்பக்கத்துச் சாய்தசையும் இடுப்புச் சதுரத்தசையும் இறுகுகின்றன. எடையை இரு கைகளிலும் பங்கிட்டால் அவற்றின் வேலை குறைகிறது. வலி தேறிவருபவருக்கு இரு கை. தேறியபின் வலுவூட்ட, சிறு எடையோடு ஒரு கை. வீட்டிலுள்ள பொருளே பயிற்சிக் கருவியாகிவிடுகிறது.

கூடுதலாக எழுப்பினால் கூடுதல் பயனா?

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. எந்தப் பயிற்சி தசையை அதிகமாக எழுப்புகிறதோ அதுவே சிறந்தது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. விளையாட்டு வீரருக்கு அது பொருந்தலாம். நோயாளிக்கு வேண்டியது காவலாளியின் பொறுமை. நிற்பதற்கும் நடப்பதற்கும் மையத் தசைகள் தம் முழுத் திறனில் சிறு பங்கையே செலவிடுகின்றன. அதை நாள் முழுவதும் செலவிட வேண்டியிருக்கிறது. டென்மார்க்கின் பியரிங்-சோரன்சன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுத் தசைகளைத் தளராமல் நெடுநேரம் தாங்க முடிந்த ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதன்முறை முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. தாங்குதிறனே அங்கே முன்னே நின்றது.

இதனால்தான் மெக்கில் தம் பயிற்சிகளை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் நீட்டச் சொல்வதில்லை. பத்து நொடி பிடித்து, தளர்த்தி, மூச்சை ஒழுங்காக விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். வலு கூடக் கூட முறைகளை அதிகரிக்கலாம். நடுங்கும் உடலோடு மூன்று நிமிடம் பலகையாகக் கிடப்பது காணொளிக்கு அழகு. இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் செய்தால் அழுத்தம் மேலும் ஏறும்.

எதிர்க் கருத்தையும் இங்கே நேர்மையாக வைத்தாக வேண்டும். மையத் தசைகளுக்கான தனிப்பயிற்சி மற்ற பயிற்சிகளைவிடச் சிறந்ததுதானா என்ற கேள்வியை மருத்துவ உலகம் பலமுறை எழுப்பியிருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல், நாட்பட்ட முதுகுவலியில் இத்தகைய கட்டுப்பாட்டுப் பயிற்சி மற்றப் பயிற்சி வகைகளைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை உடையதன்று என்று முடிவுகூறியது. அதே அமைப்பு 2021இல், பயிற்சியே செய்யாதிருப்பதைவிடப் பயிற்சி செய்வது வலியைக் குறைக்கக்கூடும் என்றும் கூறியது. அப்படியானால் இன்ன பயிற்சி என்று இவ்வளவு நுணுக்கம் பேசுவானேன் என்று கேட்கலாம்.

என் விடை இது. அந்த முடிவுகள் பலரின் சராசரியைப் பற்றியவை. நடக்கப் பிடித்தவர் நடக்கட்டும், நீந்தப் பிடித்தவர் நீந்தட்டும், தொடர்ந்து செய்வதே முதன்மை என்று அவை நமக்குச் சொல்கின்றன. அதை மனமார ஏற்கிறேன். ஆனால் மருத்துவமனைக்கு வருபவர் சராசரி மனிதராக வருவதில்லை. தம் வயது, தம் எலும்பு, தம் அறுவை சிகிச்சை, தம் அச்சம் ஆகியவற்றோடு வருகிறார். எல்லாப் பயிற்சியும் பொதுவாக நல்லது என்பதிலிருந்து, எல்லாப் பயிற்சியும் இவருக்கு நல்லது என்ற முடிவு வாராது.

தவறான பயிற்சிக்கு உரிய விலை

எலும்புத் திண்மைக் குறைவு உள்ள பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு இதற்குச் சான்று. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாக்கியும் பெத் மிக்கெல்சனும் 1984இல் அதை வெளியிட்டனர். மாதவிடாய் நின்ற, முதுகெலும்பு நலிந்த 59 பெண்களைப் பின்தொடர்ந்தபோது, முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. வயிற்றை முன்னோக்கி மடக்கும் பயிற்சி செய்தவர்களில் அது 89 விழுக்காடு. இரண்டையும் செய்தவர்களில் 53 விழுக்காடு. பயிற்சியே செய்யாதவர்களில் 67 விழுக்காடு. ஒவ்வொரு குழுவிலும் இருந்தவர்கள் சிலரே என்பதால் இவ்வெண்களை அப்படியே பொதுவிதியாக்க முடியாது. ஆயினும் அவை காட்டும் திசை தெளிவானது. ‘பயிற்சி செய்யவும்’ என்ற ஒரே வரியைப் பின்பற்றிய இருவரில் ஒருவர் காக்கப்படலாம், மற்றவர் எலும்பு முறிந்து படுக்கலாம். அறுபத்தைந்து வயதான தாயாருக்கு ‘தொப்பை குறைய’ என்று படுத்தெழும் பயிற்சியைச் சொல்லித்தரும் பிள்ளைகள் இதை நினைவில் கொள்ள வேண்டும். எலும்பு நலிந்தவருக்கு முதுகை முழுவதும் முன்னே மடக்கும் யோகாசனங்களும் இதே கவனத்துக்கு உரியவை. ஆசனங்களை விடச் சொல்வதாகக் கருத வேண்டாம். எலும்பின் நிலையை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, ஏற்றவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே வேண்டுகோள்.

மகப்பேற்றுக்குப் பின் வந்திருக்கும் இளந்தாயின் நிலை வேறு. கருவைத் தாங்கிய மாதங்களில் நேர்வயிற்றுத் தசையின் இரு பகுதிகளும் நடுக்கோட்டில் விலகியிருக்கும். தொடக்கத்திலேயே படுத்தெழும் பயிற்சி செய்தால் வயிற்றின் நடுவில் கூம்புபோல் புடைப்பதைக் காணலாம். தசை அந்த வேலைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதற்கு அது அடையாளம். மூச்சை மெல்ல வெளியேற்றியபடி இடுப்புத்தளத் தசைகளை உள்ளிழுத்துத் தளர்த்துவதே அவருக்குத் தொடக்கம். சிசேரியன் ஆனவரும் வயிற்று அறுவை சிகிச்சை ஆனவரும் எப்போது அடுத்த படிக்குச் செல்லலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் நாள் குறித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேரமும் மருந்தின் ஒரு பகுதி. இரவு முழுவதும் படுத்திருக்கையில் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்றே உப்புகின்றன. விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனியும்போது அவற்றின் மேல் அழுத்தம் மிகுகிறது. காலையில் குனிவதைத் தவிர்க்கக் கற்ற முதுகுவலிக்காரர்களுக்கு வலி குறைந்ததை அமெரிக்க ஆய்வாளர் ஸ்னூக்கும் குழுவினரும் 1998இல் காட்டினர். நம் வீடுகளிலோ எழுந்தவுடன் வாசல் கூட்டிக் கோலமிடுவதே பெண்களின் முதல் வேலை. முதுகுவலி உள்ளவர் அதைச் சிறிது நேரம் தள்ளிவைக்கலாம். நீண்ட பிடி கொண்ட துடைப்பத்தைக் கையாளலாம். சில நாள்களுக்கு வீட்டில் வேறொருவர் கோலமிடலாம். பயிற்சியையும் எழுந்தவுடன் தொடங்காமல், சிறிது நடமாடியபின் செய்வது நன்று.

அன்பு கட்டிப்போடும் உடல்

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். முதுகுவலி என்றதும் ‘அசையாமல் படுத்திரு’ என்பதும், இடுப்புக்குப் பெல்ட் வாங்கித் தருவதும், ‘அம்மா, நீங்கள் எதையும் தூக்க வேண்டாம்’ என்று தண்ணீர்ச் செம்பைக்கூடப் பறித்துக்கொள்வதும் அன்பின் வெளிப்பாடுகள்தாம். ஆனால் 1986இலேயே ரிச்சர்ட் டேயோவும் குழுவினரும் நடத்திய ஆய்வு, நரம்புப் பாதிப்பு இல்லாத முதுகுவலியில் ஏழு நாள் படுக்கை ஓய்வு இரண்டு நாள் ஓய்வைவிட எந்தக் கூடுதல் நன்மையும் தரவில்லை என்று காட்டிவிட்டது. குறைவாகப் படுத்தவர்கள் விரைவாக வேலைக்குத் திரும்பினர். உலக நலவாழ்வு நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாட்பட்ட முதுகுவலிக்கான வழிகாட்டுதல், முறைப்படுத்திய பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் முதுகுவலியோடு வாழ்ந்தனர் என்பது அந்நிறுவனம் எடுத்துக்காட்டும் கணக்கு. எலும்பு முறிவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பின் மருத்துவர் அணியச் சொல்லும் பெல்ட் வேறு. அதைத் தாமாகக் கழற்றக் கூடாது. மற்றவர்களுக்கு உடலோடு பிறந்த பெல்ட்டாகிய குறுக்குவயிற்றுத் தசையைப் பழக்குவதே நெடுநாள் வழி.

ஆகவே அன்பை வேறு வடிவில் காட்டுங்கள். பயிற்சி நேரத்தில் அருகில் அமர்ந்து பத்து நொடிகளை எண்ணுங்கள். தாளில் உள்ள படத்தோடு அவருடைய முதுகின் நிலையை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். தரையில் அமர முடியாதவருக்குக் கட்டிலின் மேலோ சுவரோரமோ இடம் அமைத்துக் கொடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த முறை ‘பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்லப்படும்போது, தயக்கமின்றிச் சில கேள்விகளைக் கேளுங்கள். எனக்குரிய பயிற்சியின் பெயர் என்ன? அது எந்தத் தசைக்காக? ஒரு தடவைக்கு எத்தனை நொடி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? எப்போது கூட்டலாம்? நான் செய்யவே கூடாத பயிற்சி எது? எத்தகைய வலி வந்தால் நிறுத்த வேண்டும்? இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் ஒருமுறை நீங்களே செய்துகாட்டி, அவர் திருத்திய பின்னரே வீட்டுக்குச் செல்லுங்கள். செய்துகாட்டாமல் தாளை மட்டும் வாங்கிச் செல்வது, ஊசி போடக் கற்காமல் இன்சுலினை வாங்கிச் செல்வதற்குச் சமம்.

மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. நெரிசலான புறநோயாளர் பிரிவில் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் ஒதுக்க இயலாது என்பது உண்மை. ஆனால் எல்லாருக்கும் ஒரே நகல் தாளைக் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, எலும்பு நலிந்தவருக்கு ஒன்று, வட்டு பிதுங்கியவருக்கு ஒன்று, மகப்பேற்றுக்குப் பின் வருபவருக்கு ஒன்று, தள்ளாடும் முதியவருக்கு ஒன்று என நான்கு தாள்களைத் தமிழில் ஆயத்தம் செய்வது இயலாத செயலன்று. அவற்றில் அளவையும் தடையையும் பேனாவால் நிரப்ப இரண்டு கோடுகள் இருந்தால் போதும். அந்த இரண்டு கோடுகளை நிரப்ப ஆகும் நேரம் ஒரு மாத்திரையின் பெயரை எழுதும் நேரத்தைவிட மிகுதியாகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கால்களில் திடீரெனப் பலம் குறைதல், தொடைகளின் உட்புறத்திலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், முதியவர் கீழே விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் எந்தப் பயிற்சியையும் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். மற்றவர்கள் தத்தம் சீட்டை எடுத்துப் பாருங்கள். பயிற்சிக்கான வரி அதில் பாதியிலேயே நின்றிருந்தால், அடுத்த வருகையின்போது அதை முழுமையாக்கச் சொல்லிக் கேளுங்கள்.